டிராகுலாவும் திருஷ்டியும்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். இலக்கியக் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி அதற்கு இல்லை. சுண்டல் உண்டு, டீ உண்டு, தலைமையுரை கிடையாது. "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று யாராவது ஆரம்பித்தால் கொசு விரட்டும் வரை ஓடும். போன முறை பேச்சு முழுக்கப் பேய்க்கதைகளைப் பற்றி.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஸ்டீபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' படித்துக்கொண்டிருந்தான். "சேலமா? நம்ம மாம்பழச் சேலமா?" என்றார் வங்கியில் ஓய்வுபெற்ற சார். இல்லை, ஜெருசலேமின் வால் அது. கதையில் வரும் ஊருக்கு முழுப்பெயர் ஜெருசலேம்ஸ் லாட். ஊர்க்காரர்கள் தலையை வெட்டிவிட்டு சேலம்ஸ் லாட் என்கிறார்கள். டீச்சர் ஷர்லி ஜாக்சனின் 'ஹில் ஹவுஸ்' நாவலில் பாதி தாண்டியிருந்தார். "பேய் இருக்கா இல்லையான்னே சொல்ல மாட்டேங்குறா அந்தம்மா. ஆனா ரெண்டு நாளா ஹால் லைட்டை அணைக்காம படுக்கிறேன்" என்றார். சாருக்கோ பள்ளிக்கூட வயதில் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த பி.டி. சாமியின் பேய் நாவல்களோடு அந்தக் கணக்கு முடிந்திருந்தது. இப்போது பேரன் வாங்கி வைத்துவிட்டுப் படிக்காமல் விட்ட 'டிராகுலா'வை எடுத்திருக்கிறார். நூறு பக்கம் ஆகிவிட்டதாம்.

"எல்லாம் சரி, டிராகுலான்னா என்னப்பா அர்த்தம்?"

தம்பி போனைத் தட்டினான். "பிசாசுன்னு போட்டிருக்கு சார்."

"பாதி சரி" என்றேன். மீதிப் பாதி என்ன என்று அவர் கேட்டார். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

டிராகுலா என்றால் பிசாசு என்பதை அந்த நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரே நம்பினார். டப்ளினில் பிறந்து, லண்டனில் லைசியம் நாடக அரங்கின் மேலாளராக இருந்தவர். ஹென்றி இர்விங் என்ற பெரிய நடிகரின் கணக்கு, கடிதம், பயண ஏற்பாடு எல்லாம் இவர் தலையில். எழுத்து, மிச்ச நேரத்து வேலை. 1890 கோடையில் யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பி என்ற மீன்பிடி ஊருக்கு விடுமுறைக்குப் போனார். அதற்குச் சில மாதங்கள் முன்பே ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனைப் பற்றிய நாவலுக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கியிருந்தார். அந்தக் குறிப்புகளில் பிரபுவின் பெயர் 'கவுன்ட் வாம்பையர்'. திருடன் கதை எழுதுகிறவர் திருடனுக்குத் திருடமுத்து என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட பெயர். முதல் பக்கத்திலேயே குட்டு உடைந்துவிடும்.

விட்பியின் நூலகத்தில் அவர் கையில் ஒரு பழைய புத்தகம் அகப்பட்டது. புக்கரெஸ்ட்டில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் வில்கின்சன், வல்லாக்கியா, மொல்தாவியா என்ற இரு சிற்றரசுகளைப் பற்றி எழுதி 1820-ல் வெளியிட்டது. வல்லாக்கியா இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி. துருக்கியரை எதிர்த்த டிராகுலா என்ற வல்லாக்கிய ஆட்சியாளரைப் பற்றி அதில் சில வரிகளே உண்டு. கூடவே ஓர் அடிக்குறிப்பு. வல்லாக்கியர் மொழியில் டிராகுலா என்றால் பிசாசு என்றும், துணிச்சலாலோ கொடுமையாலோ தந்திரத்தாலோ பெயரெடுத்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் இப்படிப் பட்டம் கொடுப்பது வழக்கம் என்றும் வில்கின்சன் எழுதியிருந்தார். ஸ்டோக்கர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு வாம்பையரை அடித்துவிட்டு அதன் மேல் டிராகுலா என்று எழுதினார். அந்தக் குறிப்புத் தாள்கள் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நாவல் 1897 மே மாதம் வெளிவந்தது. உலகத்தின் மிகப் பிரபலமான பேய்ப் பெயர், ஒரு நூலகப் புத்தகத்தின் அடிக்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஸ்டோக்கர் அந்த நாட்டுப் பக்கம் ஒருநாளும் போனவரில்லை. இன்று டிராகுலா என்றதும் எல்லோரும் சொல்லும் கழுவேற்றிய அரசன் விளாத் பற்றியும் அவர் குறிப்புகளில் பேச்சே இல்லை. கழு என்ற சொல்லே அவற்றில் வரவில்லை. அவர் எடுத்துக்கொண்டது ஒரு பெயரை. அந்தப் பெயருக்குப் பின்னால் நின்ற ஆளை அல்ல.

அந்த ஆளைக் கொஞ்சம் பார்ப்போம். கதை அவருடைய அப்பாவிடம் தொடங்குகிறது.

1408-ல் ஹங்கேரி அரசர் சிகிஸ்மண்ட், துருக்கியருக்கு எதிராகக் கிறித்துவப் பிரபுக்களைத் திரட்ட ஒரு வீரர் சங்கம் வைத்தார். பெயர் டிராகன் சங்கம். தன் வாலைத் தன் கழுத்திலேயே சுற்றிக்கொண்ட டிராகன் அதன் சின்னம். வல்லாக்கியாவின் இரண்டாம் விளாத் 1431-ல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் இந்தச் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். ஊர் திரும்பியவரை மக்கள் 'டிராகுல்' என்றார்கள். 'டிராக்' என்பது லத்தீனின் 'டிராகோ' வழி வந்தது. கடைசியில் நிற்கும் 'உல்' ருமேனிய மொழியில் குறித்த ஒன்றைச் சுட்டும் ஒட்டு. ஆங்கிலத்தில் 'தி' முன்னால் நின்று செய்யும் வேலையை ருமேனியத்தில் இது வாலாக ஒட்டிக்கொண்டு செய்கிறது. ஆக, டிராகுல் என்றால் 'அந்த டிராகன்'.

டிராகுலின் பிள்ளை டிராகுலா. ருமேனியத்தில் டிரகுலியா, கடைசி ஒலி 'இன்னார் மகன்' என்ற பொருள் தருவது. சாத்தன் மகன் கொற்றனைச் சாத்தங்கொற்றன் என்று பழந்தமிழில் அழைத்தார்களே, அதற்கு ஒப்பான சங்கதி. நம் இன்றைய வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால் அவர் டி. விளாத். (2025-ல் வந்த 'டிராகன்' படத்தில் ராகவன் என்ற பையன் தன் முன்னெழுத்தோடு சேர்ந்து டிராகன் ஆகிறான். முன்னெழுத்துக்கு இவ்வளவு தூரம் போகும் சக்தி உண்டு என்பது ருமேனியர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.) மகன் விளாத் தன் கடிதங்களில் டிராகுலியா என்று தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு அது வசைப்பெயர் இல்லை, அப்பாவின் பெயர். அந்த அப்பா 1447-ல் கொல்லப்பட்டார்.

கழுவேற்றி என்று பொருள்படும் 'ட்செபெஷ்' வேறு பெயர், மற்றவர்கள் ஒட்டியது. கொடுமைகள் நடந்தன என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கையில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொன்று. விளாத் இறந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், அச்சுக்கலை தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், டிராகுலாவின் கொடுமைகளைச் சொல்லும் சிறு பிரசுரங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாகி விற்றன. 1488-ல் ஒன்று வந்தது. 1499-ல் வந்த இன்னொன்றின் முகப்பில், கழுவில் ஏற்றப்பட்ட உடல்களின் நடுவே உட்கார்ந்து அவர் சாப்பிடும் மரக்கட்டைச் சித்திரம். இரண்டும் அச்சான ஊர் நூரம்பெர்க். அப்பா கௌரவமாக வாங்கிய பெயரை, அதே ஊர் ஐம்பத்தேழு ஆண்டு கழித்து மகன் தலையில் திகில் கதையாக ஏற்றியது. எங்கள் மாடியில் போன மாதம் நடந்த பேச்சு அந்த ஊர்ச் சந்தையிலும் நடந்திருக்கும்: இப்ப என்ன படிக்கிறீங்க?

டிராகன் எப்படிப் பிசாசானது? இதற்குப் பைபிள்தான் பொறுப்பு. கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் டிராகன் என்பதும் பழைய பாம்பு என்பதும் பிசாசு என்பதும் ஒருவனே. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அங்கே 'வலுசர்ப்பம்' என்று போட்டார்கள். எவ்வளவு நல்ல சொல்! இன்றைக்கு நாம் டிராகன் பழம், டிராகன் சிக்கன் என்று போகிறோம். 'வலுசர்ப்பச் சிக்கன்' என்று பலகையில் எழுதினால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ருமேனிய மொழியிலும் இதே வழியில் 'டிராக்' பாம்பை விட்டுப் பிசாசுக்குப் போய்விட்டது. இன்று அங்கே டிராக் என்றால் பிசாசு மட்டுமே. வில்கின்சன் தன் காலத்து மக்களிடம் கேட்டு எழுதினார். அவர்கள் சொன்னது அவர்கள் காலத்துப் பொருள். பாதி சரி என்று நான் சொன்னது இதனால்தான்.

பிசாசு என்று ஒருவருக்குப் பெயர் வைப்பது இழிவு என்று தமிழர்கள் நினைக்கத் தேவையில்லை. ஐங்குறுநூற்றில் முல்லை நூறு பாடியவர் பேயனார். முதலாழ்வார் மூவரில் ஒருவர் பேயாழ்வார். காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். அளவுக்கு மிஞ்சி நின்றவர்களை ஊர் இப்படித்தான் அழைக்கும் என்ற வில்கின்சனின் அடிக்குறிப்பு, ஆளை விட்டாலும் வழக்கத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

இப்போது பாம்புக்கு அந்தப் பக்கம் போகலாம். லத்தீன் 'டிராகோ', கிரேக்க 'த்ராகோன்' என்பதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அது முதலில் பெரும்பாம்பு. சிறகும் தீயும் பின்னால் முளைத்தவை. பெரும்பாம்புக்கு ஏன் அந்தப் பெயர்? கிரேக்கத்தில் 'தெர்க்' என்றால் கூர்ந்து பார்த்தல்; அதுவே 'த்ரக்' என்றும் வரும். த்ராகோன், கூர்ந்து பார்ப்பது. பெரும்பாலான மொழியறிஞர்கள் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடிபோல் ஒரு செதில் கண்ணை மூடியிருக்கும், எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல் தெரியும். அந்த இமையா விழியைப் பார்த்துப் பயந்தவன் வைத்த பெயர். தமிழனும் பாம்பின் கண்ணைப் பார்த்துத்தான் பெயர் வைத்தான். காது தென்படவில்லை, கண்ணே காதாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி 'கட்செவி' என்றான்.

கிரேக்க 'தெர்க்' தனியாள் இல்லை. வடமொழியில் அதன் உடன்பிறப்பு 'த்ருச்'. கிரேக்கத்தில் 'க' வரும் இடத்தில் வடமொழியில் 'ச' வருவது ஒழுங்கான மாற்றம். பத்துக்குக் கிரேக்கத்தில் 'தெக', வடமொழியில் 'தச'. டெகாமீட்டரும் தசாவதாரமும் உறவு என்றால் சிரிப்போம், உறவேதான். அதே கணக்கில் 'பார்த்திருக்கிறேன்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'தெதோர்க', வடமொழியில் 'ததர்ச'. அண்ணன் தம்பி முகஜாடை இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

அந்தத் 'த்ருச்' நம் வீடுகளில் என்னவாக வாழ்கிறது? கோயிலில் தரிசனம். பெருமாள் கையில் சுதர்சனம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் திருஷ்டி.

ஆம், திருஷ்டி. பேச்சுவழக்கில் திஷ்டி. "புள்ளைக்குத் திஷ்டி பட்டிருக்கு, சுத்திப் போடு" என்று பாட்டி சொல்லும் அந்தச் சொல்லும், லண்டன் நாடக மேலாளர் விட்பியில் கண்டெடுத்த பேய்ப் பெயரும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். ஒன்று வடமொழி வழியாக மிளகாய், உப்போடு நம் அடுப்படிக்கு வந்தது. இன்னொன்று கிரேக்கம், லத்தீன், ருமேனியம் என்று சுற்றிக்கொண்டு விட்பி போய்ச் சேர்ந்தது. இந்த உறவு ஸ்டோக்கருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது ஓர் அடிக்குறிப்பைத்தான்.

தமிழ் இதற்கு ஒரு படி மேலேயும் போயிருக்கிறது. திருஷ்டி பிராகிருத வாசனையோடு 'திட்டி' ஆனது. மணிமேகலையில் ஒரு பாம்பு வருகிறது. அதன் பெயர் திட்டிவிடம். பார்வையிலேயே நஞ்சு வைத்திருக்கும் பாம்பு. முற்பிறப்பில் மணிமேகலையின் கணவனாக இருந்தவன் அதற்குத்தான் இரையானான். கிரேக்கன் பாம்பைப் 'பார்ப்பது' என்றான். தமிழ்க் காப்பியம் அதே வேர்ச்சொல்லால் ஒரு பாம்புக்குப் பெயர் வைத்து, பார்த்தால் சாவு என்றது. இடையில் எந்தக் கடனும் இல்லாமல் ஒரே வேர் இரு நாட்டில் பாம்பின் கண்ணில் போய் நின்றிருக்கிறது.

அந்தக் கணவன் பெயர் இராகுலன். டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் துள்ளி, "டி-ராகுலா!" என்றார். இல்லை. வெறும் ஒலிப் பொருத்தம். சொல்லாராய்ச்சியில் கால் வழுக்கும் இடம் இதுதான். காது கேட்டதும் உறவு கொண்டாடிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் யார் சொந்தம், யார் பக்கத்து வீடு என்று தெரியும். தெகவும் தசவும் போல நூறு சொல்லில் ஒரே மாதிரி நிகழும் மாற்றம் இருந்தால் அது சான்று. ஒரே ஒரு சொல்லில் மட்டும் ஒலி இனிமையாகப் பொருந்தினால் அது சிலேடை.

பெயர் அப்புறம் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1922-ல் ஜெர்மனியில் உரிமை வாங்காமல் படமெடுத்தவர்கள் டிராகுலாவுக்கு ஓர்லாக் என்று பெயர் மாற்றி, படத்துக்கு 'நொஸ்ஃபெராத்து' என்று தலைப்பு வைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு வென்றார். படச்சுருள்களை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தும் படம் தப்பிவிட்டது. 1931-ல் பெலா லுகோசி நடித்து ஹாலிவுட்டில் வந்தபின், கறுப்பு மேலங்கி இல்லாமல் அந்தப் பெயரை நினைக்கவே முடியாமல் போனது. கழுவேற்றிய விளாதும் ஸ்டோக்கரின் டிராகுலாவும் ஒருவரே என்று பொதுமக்கள் மனதில் பதிந்தது இன்னும் பிந்தி, 1970-களில். இன்று ருமேனியாவில் பிரான் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பல் பொம்மை வாங்கிவருகிறவர்கள், ஸ்டோக்கர் எழுதாத ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வியாபாரத்தைக் குறை சொல்லவில்லை. அப்பா பெயரை வைத்துப் பிழைப்பது உலக வழக்கம்.

தமிழில் டிராகுலாவை என்ன சொல்வது என்பதில்தான் எனக்கு ஒரு மனக்குறை. 'ரத்தக் காட்டேரி' என்று போட்டுப் பழகிவிட்டோம். படத் தலைப்புக்கு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காட்டேரி நம்மிடம் வெறும் பேய் இல்லை. கருவுற்ற பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைக்கும் தீங்கு வரும் என்று அஞ்சி, அஞ்சியதாலேயே படையல் போட்டுத் தாயாக ஏற்றுக்கொள்ளப்பட்ட தெய்வம். கடல் தாண்டிக் கயானாவுக்குப் போன தமிழர் வழிவந்தோரின் காளி வழிபாட்டிலும் அவள் இருக்கிறாள். அவளைக் கொண்டுபோய்க் கோட்டுப் போட்ட ஐரோப்பியப் பிரபுவுக்கு மொழிபெயர்ப்பாக நிறுத்துவது சரியாகப் படவில்லை.

இதே தவறை மறுதிசையில் செய்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். விக்கிரமாதித்தன் முதுகில் ஏறிக் கதை சொல்லும் நம் வேதாளத்தை 1870-ல் ஆங்கிலத்தில் 'வாம்பையர்' ஆக்கிப் புத்தகம் போட்டார். வேதாளம் யார் ரத்தத்தைக் குடித்தது? விடுகதை போட்டதோடு சரி. இந்தப் பர்ட்டனை ஸ்டோக்கருக்கு நேரில் தெரியும். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு உயர்ந்து கோரைப்பல் தெரிந்ததைத் தன் நினைவுக் குறிப்பில் மறக்காமல் எழுதியிருக்கிறார். வேதாளத்தை வாம்பையர் ஆக்கியவரின் பல் டிராகுலாவின் வாய்க்குள் போயிற்றா என்பதை வாசகர் விருப்பத்துக்கு விடுகிறேன்.

எழுதுவது எப்படி என்பதும் ஒரு சங்கடம். டிராகுலா, ட்ராகுலா, டிராக்குலா என்று மூன்று விதமாகவும் அச்சாகிறது. சொல்லின் முதலில் டகரம் வராது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் விதி. அதன்படி எழுதினால் 'திராகுலா' என்றுதான் எழுத வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அச்சில் யாரும் ஏற்க மாட்டார்கள், நானும் எழுதப்போவதில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை எழுதிப் பாருங்கள்: திராகுலா, திருஷ்டி. நடுவில் எத்தனையோ மொழி கடந்து பிரிந்த இரண்டு பேர் தமிழ் எழுத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்.

இதையெல்லாம் இந்த மாதக் கூட்டத்தில் சாரிடம் சொன்னேன். அவர் அதற்குள் நாவலை முடித்துவிட்டு, முதல் பகுதியை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார். கோட்டையில் ஜோனதன் ஹார்க்கர் முகம் மழிக்கிறான். பின்னால் பிரபு வந்து நிற்கிறான், தோளைத் தொடுகிறான். கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிகிறது, அவன் மட்டும் இல்லை. "பேருக்கு அர்த்தம் பாக்கிறவன். ஆனா அவனைப் பாக்க முடியாது" என்றார் சார். பிறகு கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்த்த மனையைக் காட்டினார்.

அங்கே கான்கிரீட் போட்டு முடித்த புது வீட்டின் முகப்பில், சாரக் கம்பில் ஒரு திருஷ்டிப் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு மூஞ்சி, பிதுங்கிய கண் இரண்டு, சிவந்த நாக்கு, வாயோரம் கீழ்நோக்கி வளைந்த இரண்டு வெள்ளைப் பல்.